எந்த இருபது

லைட் ஸ்திரீட் நீதிமன்றம், மூன்றாம் மாடி.
ஏர்கோன் எப்போதும் கூடுதல்.
சாட்சிக் கூண்டுக்கு இடப்பக்கம் என் நாற்காலி.
பத்தொன்பது வருஷமாக
பிறர் வாயில் வருவதை என் வாயில் வாங்கி
மலாயில் இறக்கி வைக்கிறேன்.
சம்பளம் அதற்குத்தான்.

இன்று தவமணி.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட்.
விடிகாலை, சுங்கை நிபோங் விளக்கில்
இடது பக்கம் திரும்பிய லோரி
எல்லாவற்றையும் பார்த்தது,
அவள் மோட்டாரைத் தவிர.
வலது மணிக்கட்டில் ஒரு தகடு, ஏழு திருகாணி.
வக்கீல் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தபோது
ஜன்னல் வெளிச்சத்தில் நானும் எண்ணினேன்.
ஏழுதான்.

வலி எப்படி இருக்கிறது என்று
சொல்லச் சொல்லுங்கள்.

சொன்னாள்:
மழை இறங்குறதுக்கு முந்தி உளைச்சல்ங்க.
இறங்கின பிறகு குடைச்சல்.
பஸ் கம்பியைப் பிடிச்சா சுரீர்னு ஒண்ணு
தோள்பட்டை வரைக்கும் ஏறும்.
ராத்திரி ரெண்டு மணிக்கு மேல விண்விண்ணு தெறிக்கும்,
உள்ளுக்குள்ள யாரையோ பூட்டி வச்ச மாதிரி.
சில நாள் ஒண்ணுமே இல்ல, மதமதன்னு கிடக்கும்,
அதுதான் பயமா இருக்கு.

நான் சொன்னேன்: சாக்கிட்.
பிறகு: சாக்கிட்.
பிறகு, கொஞ்சம் யோசித்து: சாக்கிட் செக்காலி.
மலாயில் சொல் இல்லாமல் இல்லை,
ஙிலு உண்டு, டென்யுட் உண்டு;
நான் தேடி எடுப்பதற்குள்
வக்கீல் அடுத்த பக்கம் புரட்டிவிடுகிறார்.
தட்டச்சுப் பெண்ணுக்கு
ஒரே வரியில் முடிந்துவிட்டது.

வாழ்க்கையின் இன்பங்களில் எதை இழந்தீர்கள்?
இப்படியொரு கேள்வியைத்
தமிழில் கேட்க எனக்கே கூச்சம்.
இன்பமா, என்று சிரித்தாள்.
அப்புறம் சிரிப்பை நிறுத்திக் கேரம் என்றாள்.
கம்பெனி விளையாட்டு விழாவில்
நாலு வருஷம் தொடர்ந்து சாம்பியனாம்.

இடது கையால் ஆடலாமே, என்றார் எதிர்த்தரப்பு.

ஆடலாங்க. ராணி விழுந்திடும்.
அடுத்த அடியிலயே நம்ம காய் ஒண்ணைப் போட்டு
மூடணும்ல?
அந்த அடிக்குத்தான் கை நடுங்குது.
மூடாத ராணி
திரும்ப நடுவுல வந்து உட்கார்ந்துக்கும்.

பெர்மாய்சுரியா, என்று நீதிபதி பேனாவை நிறுத்தினார்.
கேஸுக்குள் அரசி எப்படி வந்தாள் என்று
நான் விளக்கி முடிப்பதற்குள்
பொருத்தமில்லை என்று ஒருவர் எழுந்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு.
மணிக்கட்டு முப்பதாயிரம்.
தழும்பு ஆறாயிரம்.
பட்டியலில் கேரமுக்கு வரிசை கிடையாது.
லோரியின் குருட்டுப் பக்கத்தில் வந்தமையால்
இருபது விழுக்காடு வாதியின் கவனக்குறைவு.
ஏழாயிரத்து இருநூறு ரிங்கிட் கழிந்தது.

எந்த இருபதுங்க?
என்னிடம்தான் கேட்டாள், மெதுவாக.
ஷிஃப்ட் முடிஞ்சு எரிஞ்ச கண்ணா?
ரோடு ஈரம்னு ஓரமாப் போனதா?
ஓவர்டைம் கேட்டு வாங்கினதா?
இந்தக் கையில எந்த இருபதுங்க,
காட்டுங்க,
பார்த்து வச்சுக்கிறேன்.

அதற்குள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தோம்.
நீதிபதியின் கதவு சாத்தியாகிவிட்டது.
கூண்டை விட்டு இறங்கியவர் பேசுவதை
மொழிபெயர்க்க எனக்கு அதிகாரம் இல்லை.
பதிவிலும் இல்லை.

வாயில் வாங்கியதை
எங்கே இறக்குவதென்று தெரியாமல்
எதிர்க்கடைக்குக் கோப்பி வாங்கப் போனேன்.
கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது.
ஒரு துளிகூட இன்னும் விழவில்லை.
அவளுக்கு இந்நேரம்
உளைச்சல் தொடங்கியிருக்கும்.